சீழ் என்பது கெட்ட ரத்தமா?

மழைத் தண்ணீர் வடிந்த கையோடு வேளச்சேரி வாசகி ஒருவர் கேட்டிருந்தார். தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்தபோது பாதத்தில் கண்ணாடிச் சில்லு குத்தி, மூன்றாம் நாள் சீழ் பிடித்துவிட்டதாம். “உடம்பில இருக்கிற கெட்ட ரத்தம் வெளிய வருது, வரட்டும் விடு” என்கிறாராம் மாமியார். உண்மையா?

இல்லை. சீழில் பெரும்பகுதி, கிருமியோடு சண்டையிட்டு மடிந்த நியூட்ரோஃபில்கள். ரத்தத்தின் வெள்ளணுக்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான். எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உருவாக்குகிறது. முன்பின் பார்த்திராத கிருமியையும் சில மணி நேரத்துக்குள் எதிர்க்கக் கிளம்பும் இந்தப் பிறவிப் பாதுகாப்பு, நாம் பிறக்கும்போதே கூட வருவது. எதிரியை அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் தயாரிக்கும் அடுத்த படைக்குப் பல நாட்கள் பிடிக்கும்.

தோல் கிழிந்ததும் அங்கே காவலிருக்கும் செல்கள் வேதிச் செய்தி அனுப்பும், ரத்தக் குழாய்கள் விரியும், இடம் சிவந்து வீங்கி வலிக்கும். இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். எனக்கு அலுக்கவே அலுக்காதது அடுத்த கட்டம்: ரத்த வேகத்தில் அடித்துப் போகிற ஒரு வெள்ளணு, உடம்பு முழுக்க இடமிருக்க, சரியாக அந்தப் பாதத்தில் எப்படி இறங்குகிறது?

ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்குபவர் சட்டென்று நிற்க முடியாது. நாலு எட்டு கூடவே ஓடித்தான் நிற்க வேண்டும். நியூட்ரோஃபிலும் அப்படித்தான். காயத்தை ஒட்டிய நுண்சிரைகளின் உட்சுவர், சில நிமிடங்களிலேயே செலக்டின் என்ற புரதங்களை நீட்டுகிறது. அணுவின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலிகள் அதில் மாட்டுகின்றன. பிடி தளர்வானது, உடனே கழன்றுவிடும். முன்பக்கம் மாட்ட, பின்பக்கம் கழல, அணு சுவரோடு உருள்கிறது. உருளும்போதே சுவரில் ஒட்டியிருக்கும் கீமோகைன்கள் என்ற வேதிச் செய்திகளை உணர்கிறது. உணர்ந்த மாத்திரத்தில், அணுவின் மேல் அதுவரை மடங்கிக் கிடந்த இன்டெக்ரின் என்ற புரதங்கள் நிமிர்ந்து சுவரை இறுகப் பற்றுகின்றன. அணு நிற்கிறது. தட்டையாகிறது. மடல் மடலாகப் பிரிந்த தன் உட்கருவையும் இழுத்துக்கொண்டு, சுவரின் இடுக்கு வழியே நெளிந்து வெளியேறுகிறது.

வெளியே வந்தபின் திசை காட்டுவது பாக்டீரியாவேதான். பாக்டீரியாப் புரதங்கள் ஃபார்மைல் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தில் தொடங்கும். அந்தத் துணுக்குகள் எந்தப் பக்கம் அடர்த்தியோ அந்தப் பக்கம் அணு நகரும். கிருமியை விழுங்கும். சில சமயம் தன் டிஎன்ஏவையே வலையாக வீசிப் பிடிக்கும். 2004இல்தான் இந்த வலை ஆய்வுலகுக்குத் தெரியவந்தது.

சீழே வராத குழந்தைகளும் இருக்கிறார்கள். இன்டெக்ரின் மரபணுப் பழுதுடன் பிறந்தவர்கள். இவர்கள் ரத்தத்தில் நியூட்ரோஃபில்கள் அளவுக்கு மேல் குவிந்திருக்கும், ஆனால் இறங்க வழியில்லாததால் புண்ணில் ஒன்றும் இராது. ஓரிரு வாரத்தில் விழவேண்டிய தொப்புள்கொடி மூன்று வாரம் தாண்டியும் விழாமல் இருப்பது முதல் அறிகுறியாக இருக்கலாம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும் என்பதால், மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் மணமுடிக்கும் குடும்பங்களில் வாய்ப்பு கூடுதல். தோஷம் என்று பரிகாரத்துக்கு அலைந்து கழிக்கிற ஒவ்வொரு வாரமும் அந்தக் குழந்தைக்கு ஆபத்து. கடுமையான வகைக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை இருக்கிறது. ‘நாலு பேருக்கு வரும் நோய்க்கு எதற்கு ஆராய்ச்சிப் பணம்?’ என்று கேட்பதை நான் ஏற்கவே மாட்டேன். இன்டெக்ரினின் வேலையை நமக்குப் புரியவைத்ததில் இந்தக் குழந்தைகளின் ரத்தத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

வாசகிக்கு: புண்ணைப் பிதுக்க வேண்டாம், காப்பித்தூள் அப்ப வேண்டாம். சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்பதோடு, தேங்கிய தண்ணீரில் நடந்ததையும் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் கிருமி இப்படிப்பட்ட வெட்டுக்காயம் வழியாகவும் உள்ளே போகும்.