‘மீற்றர் வைத்துத்தான் கெயின் போட்டனான், அண்ணை’

சென்ற கிழமை ஒரு வான் வந்தது. பின்சீற்றுக்குப் பின்னால் பேஸ் என்கிற தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள 12 அங்குல ஸ்பீக்கர், அதாவது சப்வூபர், பக்கத்தில் அம்பிளிபயர். கதவைத் திறந்தவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது. ஸ்பீக்கருக்குள் இருக்கிற கொயிலின், அதாவது கம்பிச்சுருளின், பூச்சு கருகிய மணத்தை ஒருமுறை அறிந்தவன் மறக்க மாட்டான். கோனை, அதாவது ஸ்பீக்கரின் முன்பக்கக் கூம்பை, இரண்டு கையாலும் மெல்ல அமத்திப் பார்த்தேன், உள்ளே மணல் உராய்வது போலச் சரசரத்தது. கனடாவிலிருந்து மாமா ஆசையாக அனுப்பிய சப்வூபராம். ஆனையிறவு தாண்டும்போது பேஸ் நின்றுவிட்டதாம்.

கருகிய கொயிலோடு வருகிறவர்கள் எனக்குப் புதிதல்ல. ஆனால் இந்த வருடம் வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரே வசனத்தைச் சொல்கிறார்கள். வானைக் கொண்டுவந்த தம்பியும் அதைத்தான் சொன்னார்.

“மீற்றர் வைத்துத்தான் கெயின் போட்டனான், அண்ணை. வீடியோவில சொன்ன மாதிரியேதான்.”

“எத்தனை வாற் என்று கணக்குப் பார்த்தனீர்?”

“பெட்டியில 2000 என்று இருக்கு. அதைத்தான்.”

கெயின் என்பது அம்பிளிபயரில் இருக்கிற ஒரு சின்னத் திருகி. வெளியே எத்தனை வோல்ற் வருகிறது என்று மீற்றரில் பார்த்து அதை வைப்பார்கள். வாற்றை ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரவேண்டிய வோல்ற் கிடைக்கும். சூத்திரம் சரி. 2000 வாற்றை 4 ஓமால் பெருக்கினால் 8000, அதன் வர்க்கமூலம் கிட்டத்தட்ட 89. இவர் 89 வோல்ற் வரும் என்று காத்திருந்திருக்கிறார். மீற்றர் 57க்கு மேலே ஏறவில்லை. அம்பிளிபயர் கொஞ்சம் பழுதாக்கும் என்று நினைத்து, கெயினை முழுக்கத் திருகினபடியே விட்டுவிட்டு ஸ்பீக்கர் வயரைக் கொழுவியிருக்கிறார்.

அந்த அம்பிளிபயரில் 30 அம்பியர் பியூஸ் இரண்டு இருந்தது. மொத்தம் 60 அம்பியர். எஞ்சின் ஓடும்போது பற்றரியில் 13.8 வோல்ற் என்று வைத்தால், உள்ளே போகக்கூடியதே 828 வாற். பழைய ஏபி வகை அம்பிளிபயர் அதில் பாதி அளவைச் சூடாக்கித் தொலைத்துவிடும். வெளியே வரக்கூடியது 400 வாற், அதற்குக் கொஞ்சம் முன்பின். குறைவாகச் சூடாகிற டி வகை என்றால் 650 வரை போகும். 2000 எங்கேயிருந்து வரும்? பெட்டியில் அச்சடித்த இலக்கத்தை நம்பாதீர்கள், பியூஸைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற அம்பிளிபயர் சிலவற்றில் சீஇஏ 2006 என்ற குறி இருக்கும். 14.4 வோல்ற்றில், 4 ஓம் சுமையில், இரைச்சலும் திரிபும் சேர்ந்து 1 சதவீதத்துக்கு மேல் போகாமல் அளந்த வாற் என்று அதற்கு அர்த்தம். அந்த இலக்கத்தை நம்பலாம். மற்றபடி ‘மக்ஸ்’, ‘பீக்’ என்று எழுதியிருப்பதைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். ஆர்.எம்.எஸ். என்று எழுதியிருப்பதைத் தேடுங்கள், தொடர்ந்து தாங்கக்கூடிய வலு அதுதான்.

சரி, இப்போது என்னை அதிகம் வேதனைப்படுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். கெயின் என்பது வொலியூம் இல்லை. இதை எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொல்லிவிட்டேன்! தலையாட்டிவிட்டுப் போய், அடுத்த கிழமையே ஒரு சின்ன ஸ்குரூ டிரைவரால் அதை வலப்பக்கம் திருகிவிட்டு வருகிறார்கள்.

நாம் ஒருவர் பேசுவதைக் கேட்கும்போது என்ன செய்கிறோம்? மெல்லப் பேசினால் காதைத் தீட்டிக்கொள்கிறோம், உரத்துப் பேசினால் சும்மா இருக்கிறோம். கெயின் என்பது அம்பிளிபயரின் அந்தக் காது. காரில் இருக்கிற செற் ஆர்சிஏ வயர் வழியாக 2 வோல்ற் அனுப்பலாம், சில செற் 4 வோல்ற் அனுப்பும். 2 வோல்ற்றை வைத்து முழு வலுவைத் தருவதா, 4 வோல்ற்றை வைத்து முழு வலுவைத் தருவதா என்று அம்பிளிபயருக்குச் சொல்வதுதான் அந்தத் திருகியின் வேலை. முழு வலு என்பது இரண்டிலும் ஒன்றுதான். 400 வாற் அம்பிளிபயர் கெயின் கால்வாசியில் இருந்தாலும் 400 வாற் தரும், முக்கால்வாசியில் இருந்தாலும் 400 வாற் தரும். எவ்வளவு உள்ளீட்டுக்குத் தரும் என்பது மட்டும்தான் மாறும்.

“இல்லை அண்ணை, திருகினால் சத்தம் கூடுதே” என்பார்கள். கூடும்தான். செற்றில் வொலியூம் 10இல் வைத்துக்கொண்டு கெயினைத் திருகினால் யாருக்கும் கூடித்தான் கேட்கும். முன்பு 30இல் கிடைத்த சத்தம் இப்போது 15இலேயே கிடைக்கிறது. வலு கூடியதாக மனம் நம்பிவிடுகிறது. அப்புறம் பழக்கதோஷத்தில் கை வொலியூமை 30க்குக் கொண்டுபோகும். அம்பிளிபயருக்கு அங்கே கொடுக்க ஒன்றுமில்லை. அலையின் தலையையும் காலையும் வெட்டித் தட்டையாக்கி அனுப்பும். அதைத்தான் கிளிப்பிங் என்கிறோம்.

இன்னொன்று. பல அம்பிளிபயர்களில் அந்தத் திருகியைச் சுற்றி இடப்பக்கம் 6 வோல்ற் என்றும் வலப்பக்கம் 0.2 வோல்ற் என்றும் அச்சடித்திருக்கும். 6 பெரிய இலக்கம், ஆகவே அதுதான் கூட என்று நினைக்க வேண்டாம். 6 வோல்ற் என்றால் காது மந்தம், 0.2 என்றால் ஊசி விழுந்தாலும் கேட்கிற காது. 4 வோல்ற் அனுப்புகிற செற்றோடு 0.2இல் விடுவது, பக்கத்திலேயே நின்று கத்துகிற ஆளைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது போல.

மல்ரிமீற்றர் இதில் எங்கே பிழைக்கிறது? மீற்றர் எத்தனை வோல்ற் என்று மட்டும்தான் சொல்லும். அந்த வோல்ற் சுத்தமா, வெட்டுப்பட்டதா என்று அதற்குத் தெரியாது. உச்சியில் 56 வோல்ற் வரை போகிற நல்ல சைன் அலையை மீற்றர் 40 என்று காட்டும். அதே உச்சியில் தட்டையாக வெட்டுப்பட்டுச் சதுரமாகிவிட்ட அலை 56ஐ நெருங்கும். வோல்ற் 1.4 மடங்கு, வலு இரண்டு மடங்கு. அந்தத் தம்பியின் மீற்றர் காட்டிய 57 இப்படி வந்ததுதான். அவருக்கு அது போதாத இலக்கமாகத் தெரிந்திருக்கிறது. 300 வாற் சப்வூபருக்கு அது எமன். போதாக்குறைக்கு, மலிவான மீற்றர்கள் சைன் அலைக்கென்றே கணக்கிடப்பட்டவை, சதுர அலையை 11 சதவீதம் கூட்டிக் காட்டும்.

அந்தச் சின்ன மஞ்சள் மீற்றரைப் பற்றியும் சொல்லவேண்டும். வீட்டு வயறிங் பார்க்க அது போதும். அதில் ஏசி வோல்ற்றுக்கு 200, 750 என்று இரண்டே இடங்கள்தான் இருக்கும். அது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்துக்கென்று செய்யப்பட்டது, 400 ஹேர்ட்ஸ் வரை ஓரளவு நம்பலாம். சப்வூபருக்கு 50 ஹேர்ட்ஸில் கெயின் போடும்போது அது சமாளிக்கும். முன்கதவு ஸ்பீக்கருக்கு 1000 ஹேர்ட்ஸ் ரெஸ்ற் ரோன், அதாவது அளப்பதற்கென்றே உள்ள ஒரே சீரான ஒலி, போட்டுவிட்டு அதன் இலக்கத்தை நம்பினால் குறைத்துக் காட்டும், நீங்கள் கெயினைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். இயலுமானால் அலை எந்த வடிவத்தில் இருந்தாலும் சரியாக அளக்கிற ட்ரூ ஆர்.எம்.எஸ். மீற்றர் ஒன்றைக் கடனாகவாவது வாங்குங்கள்.

செய்யும் விதத்தைச் சொல்கிறேன். முதலில் ஸ்பீக்கர் வயர்களை அம்பிளிபயரிலிருந்து கழற்றுங்கள். கழற்றாமல் ரெஸ்ற் ரோன் போட்டால் காதும் போகும், கொயிலும் போகும். செற்றில் ஈக்குவலைசர், லவுட்னஸ், பேஸ் பூஸ்ற் எல்லாவற்றையும் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். அம்பிளிபயரிலேயே தனியாக ஒரு பேஸ் பூஸ்ற் திருகி இருக்கும், அதை மறப்பவர்கள் நிறைய. போனிலிருந்து புளூடூத் வழியாகப் போடுவதென்றால் போனின் வொலியூம் முழுக்க, அதிலுள்ள சவுண்ட் எஃபெக்ற் எல்லாம் நிறுத்தம். என் விருப்பம் யூஎஸ்பி பென்தான். வாட்ஸ்அப்பில் பத்துப் பேர் கைமாறி வந்த ரெஸ்ற் ரோனை வைத்து அளக்காதீர்கள், அதன் அளவு என்னவென்று யாருக்கும் தெரியாது.

எஞ்சினை ஓடவிட்டு அளக்கவேண்டும். அப்படியென்றால் கராஜின் கதவு திறந்திருக்கவேண்டும். மழைக்குள் ஷட்டரைப் பூட்டிவிட்டு எஞ்சினை ஓடவிடாதீர்கள், புகை ஆளைக் கொல்லும்.

கெயினை ஆகக் குறைந்த இடத்தில் வைத்து, ரெஸ்ற் ரோனை ஓடவிட்டு, செற்றின் வொலியூமை முக்கால்வாசிக்குக் கொண்டுவாருங்கள். செற்றே அதற்கு மேல் கிளிப் ஆகிவிட்டால் அம்பிளிபயர் என்ன செய்யும்? நான் இதை அலையைத் திரையில் காட்டுகிற ஒசிலோஸ்கோப்பில் பார்த்துத்தான் முடிவெடுப்பேன். உங்களிடம் அது இல்லாவிட்டால், ஏசியில் 2 அல்லது 20 வோல்ற் அளவு உள்ள மீற்றரை ஆர்சிஏ முனையில் வைத்து வொலியூமை ஒவ்வொரு படியாகக் கூட்டிப் பாருங்கள். சீராக ஏறிவந்த வோல்ற் எந்த இடத்தில் ஏறத் தயங்குகிறதோ, அதற்கு இரண்டு மூன்று படி கீழேதான் உங்கள் எல்லை. அந்த இலக்கத்தை எழுதி வையுங்கள்.

பிறகு வொலியூமை அந்த எல்லையிலேயே விட்டு, மீற்றரின் இரண்டு முனைகளையும் அம்பிளிபயரின் ஸ்பீக்கர் முனைகளில் வைத்துக்கொண்டு கெயினை மெல்ல ஏற்றுங்கள். கறுப்பு முனையை வண்டியின் பொடியில் (இரும்பு உடலில்) வைக்காதீர்கள், பல அம்பிளிபயர்களில் இரண்டு முனையிலும் மின் இருக்கும். சிவப்பு வயர் மீற்றரில் எந்தத் துளையில் இருக்கிறது என்று அளக்கும் முன் ஒருமுறை பாருங்கள். 10 அம்பியர் துளையில் இருந்தால் நீங்கள் அளக்கவில்லை, அம்பிளிபயரை ஷோர்ட் பண்ணுகிறீர்கள். மலிவு மீற்றர்களில் அந்தத் துளைக்குப் பியூஸும் கிடையாது. போன வருடம் இப்படியே இரண்டு அம்பிளிபயர் என் மேசைக்கு வந்தது.

எந்த இலக்கத்தில் நிறுத்துவது? அம்பிளிபயரின் ஆர்.எம்.எஸ்., ஸ்பீக்கரின் ஆர்.எம்.எஸ்., இரண்டில் எது குறைவோ அதை எடுங்கள். அந்தத் தம்பியின் அம்பிளிபயர் 400, சப்வூபர் 300. ஆகவே 300ஐ 4ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 34.6 வோல்ற். அவ்வளவுதான். 89 எங்கே, 34 எங்கே! ஓமையும் சரியாகப் போடுங்கள். இரட்டைக் கொயில் சப்வூபரில் 4 ஓம் கொயில்கள் இரண்டைச் சமாந்தரமாக இணைத்தால் 2 ஓம். அப்போது அதே 300 வாற்றுக்கு 24.5 வோல்ற் போதும். தெரியாமல் 34.6இல் வைத்தால் 600 வாற் போகும். மீற்றரால் ஸ்பீக்கரின் ஓமைப் பார்த்துவிட்டு “3.4தான் காட்டுது, இது 4 ஓம் இல்லை” என்று சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு. மீற்றர் காட்டுவது கம்பியின் டிசி தடை. 4 ஓம் ஸ்பீக்கர் அப்படித்தான் காட்டும். கணக்குக்கு 4ஐயே போடுங்கள்.

இப்படி வைத்த பிறகு சத்தம் குறைவாக இருக்கிறதே என்று தோன்றும். தோன்றத்தான் செய்யும். ரெஸ்ற் ரோன் ஓயாமல் முழு அளவில் ஒலிக்கும், பாட்டு அப்படி இல்லை. அதுவும் எண்பதுகளின் பாட்டுகளைப் பழைய பதிவிலிருந்து போட்டால் இப்போதைய பாட்டுகளைவிட மெதுவாகத்தான் வரும். அதற்காகச் சப்வூபருக்கு மட்டும் மைனஸ் 5 டெசிபல், அதாவது முழு அளவைவிடக் குறைத்துப் பதிந்த, ரெஸ்ற் ரோனை வைத்துக் கெயின் போடுவதை நான் ஏற்றுக்கொள்வேன், அதற்கு மேல் மாட்டேன். இன்னும் சத்தம் வேண்டுமென்றால் பெரிய அம்பிளிபயரும் அதற்கேற்ற ஸ்பீக்கரும் வாங்கவேண்டும். திருகியில் அது இல்லை.

பற்றரியையும் பாருங்கள். இங்கே ஓடுகிற வாகனங்கள் பல பழையவை. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். அந்தக் காலமெல்லாம் பற்றரியைச் சார்ஜ் பண்ணுகிற பழைய ஒல்டனேற்றரோடேயே சமாளித்தோம். எஞ்சின் ஓடும்போதே பற்றரி 13 வோல்ற்றுக்குக் கீழே விழுகிறதென்றால் அம்பிளிபயர் இன்னும் சீக்கிரம் கிளிப் ஆகும். காரைநகர், குருநகர்ப் பக்கத்து வண்டிகளில் உப்புக் காற்றால் ஏர்த் பிடித்த இடம் பச்சை பூத்திருக்கும். பெயின்ற்றைச் சுரண்டி இரும்பு தெரியும்வரை துடைத்து இறுக்குங்கள். பற்றரியிலிருந்து வருகிற வயரில், பற்றரிக்கு ஒன்றரை அடிக்குள் ஒரு பியூஸ் கட்டாயம். இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது, இது வண்டி எரிகிற விஷயம்.

சரியான இடம் கிடைத்ததும் கெயின் திருகியின் மேல் நகப்பூச்சால் ஒரு புள்ளி வையுங்கள். யாராவது கை வைத்தால் தெரியும். வண்டியை வேறு ஆள் ஓட்டுவதென்றால், வொலியூமின் எல்லை இலக்கத்தைச் செற்றுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அந்தத் தம்பியின் வானில் 28 என்று நானே எழுதி ஒட்டினேன்.

ஓடிக்கொண்டிருக்கும்போது கருகிய மணம் வந்தால், தயவுசெய்து பாட்டு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். செற்றை நிறுத்துங்கள். வண்டியை ஓரங்கட்டி, அம்பிளிபயரின் மேலே புறங்கையை வைத்துப் பாருங்கள், பியூஸைக் கழற்றுங்கள். சூடு ஆறின பிறகு கோனை மெல்ல அமத்துங்கள். சத்தமில்லாமல் உள்ளே போய் வந்தால் கொயில் இன்னும் தப்பியிருக்க இடமுண்டு. கெயினைத் தொடாமல் அப்படியே கொண்டுவாருங்கள், எந்த இடத்தில் நின்றது என்று நான் பார்க்கவேண்டும்.