அரோமாதெரபி மசாஜ்: நறுமணத் தைலம் நீவுதல்

ஸ்பா விளம்பரங்களில் கண்ட இந்தச் சொல், இப்போது முட்டி வலிக்காரர்கள் பேச்சிலும் அடிபடுகிறது. பொருள்: செடிகொடிகளிலிருந்து வடித்த வாசனை எண்ணெயைச் சாதாரண எண்ணெயில் கலந்து, வலிக்கும் இடத்தில் நீவி விடுவது.

கிரேக்கத்தில் 'அரோமா' என்றால் வாசனைப் பொருள். 'தெராப்பையா' என்றால் பணிவிடை, சிகிச்சை. இரண்டையும் ஒட்டியவர் லியோன் நகரத்துப் பிரெஞ்சு வேதியியலாளர் ரெனே மோரிஸ் காட்ஃபோசே. 1937இல் வந்த அவர் நூலின் தலைப்பே அதுதான். 1910இல் ஆய்வகத்தில் தீப்பிடித்துக் கை வெந்தபோது, புண்ணுக்கு லாவெண்டர் எண்ணெய் போட்டுப் பார்த்தவர் அவர். ஆக, சொல் பிறந்த இடம் ஸ்பா அல்ல, ஆய்வகம்.

தமிழில் 'நறுமணச் சிகிச்சை' என்கிறார்கள். முகர்வதற்கு அது சரி. முட்டிக்கு வாசனை மட்டும் போதாது, கையும் வேண்டுமே! சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளில் ஒன்றான தொக்கணம் இதற்குப் பக்கத்தில் வருகிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று அதற்கு ஒன்பது வகை உண்டு. ஆனால் அது தனக்கென்று இலக்கணம் உள்ள சிகிச்சை. அந்தப் பெயரைத் தூக்கி இதற்கு வைப்பது முறையல்ல. வீட்டில் எல்லாரும் சொல்வது 'நீவி விடு' என்பதுதான். அதனால் 'நறுமணத் தைலம் நீவுதல்' என்பேன்.

இதில் கலக்கும் 'எசென்ஷியல் ஆயில்' படும் பாடு தனி. 'அத்தியாவசிய எண்ணெய்' என்று எழுதிவிடுகிறார்கள். படித்தால் ரேஷன் கடை பாமாயில்தான் கண்ணுக்கு முன் வருகிறது. இங்கே எசென்ஷியல் என்பது எசென்ஸ், அதாவது சாரம். 'சார எண்ணெய்' என்றோ 'நறுமண எண்ணெய்' என்றோ சொன்னால் போதும். ஊட்டியில் யூகலிப்டஸ் இலையைக் காய்ச்சி வடிக்கும் நீலகிரித் தைலம் இந்த வகைதான். வேடிக்கை என்னவென்றால், 'தைலம்' வந்தது திலம் என்ற எள்ளிலிருந்து, 'எண்ணெய்' வந்ததும் எள்ளிலிருந்து. நீலகிரித் தைலத்திலோ எள் மருந்துக்கும் கிடையாது.

முட்டி வலிக்குப் பின்னால் பெரும்பாலும் இருக்கும் நோயின் பெயர் ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ்: எலும்பு, மூட்டு, அழற்சி என்று மூன்று கிரேக்கத் துண்டுகள். 'கீல்வாதம்' என்றால் முடக்குவாதம் முதல் பல மூட்டு நோய்களும் அதில் அடங்கிவிடும். சித்தத்தில் இதற்கு 'அழல் கீல்வாயு' என்று குறிப்பான பெயர் உண்டு. மக்கள் வாயில் 'மூட்டுத் தேய்மானம்'. குருத்தெலும்பு தேய்வதோடு மூட்டின் உள்சவ்வும் மெல்ல அழற்சி காண்பதால் அந்தப் பெயர் பாதி உண்மைதான். இருந்தாலும் கேட்டவுடன் புரிகிறது.

சரி, வலி குறைகிறதா? ஹாங்காங்கில் முதியவர்களுக்கு இஞ்சி, ஆரஞ்சு எண்ணெய்களை ஆலிவ் எண்ணெயில் கலந்து நீவிப் பார்த்த ஆய்வு 2008இல் வெளியானது. ஒரு வாரம்வரை வலி குறைந்தது. நாலாவது வாரத்தில் அந்தப் பலன் நிற்கவில்லை. ஈரானில் லாவெண்டர் எண்ணெயை வைத்துச் செய்த ஆய்விலும் கிட்டத்தட்ட இதே கதைதான். தேய்ந்த குருத்தெலும்பு இதனால் வளராது. அதனால்தான் இதை 'மாற்றுச் சிகிச்சை' என்னாமல் 'துணைச் சிகிச்சை' என்கிறோம்: தொடைத் தசைக்கான பயிற்சி, எடைக் குறைப்பு, டாக்டர் தரும் மருந்து எல்லாம் நடந்துகொண்டிருக்க, பக்கத்தில் இதுவும்.

சார எண்ணெயை அப்படியே தோலில் போட்டால் எரியும், தடிக்கும். 100 மில்லி நல்லெண்ணெய்க்கோ தேங்காய் எண்ணெய்க்கோ 2 மில்லி போதும். முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். முட்டி சிவந்து, சூடாக வீங்கியிருந்தால் நீவவே கூடாது. டாக்டரிடம் போக வேண்டும். அப்புறம், பாட்டிலைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். நீலகிரித் தைலத்தைக் குழந்தை கொஞ்சம் விழுங்கினாலும் வலிப்பு வரலாம்.