கோணல் கொம்பு: பரம்பரையா, பழைய காயமா?

தெற்கு டெக்சாஸின் முட்புதர்க் காடுகளில் வேட்டைப் பருவம் தொடங்கினால் வருடா வருடம் ஒரு பஞ்சாயத்து எழும். ஏழெட்டு வயதுக் கிழட்டு ஆண் மான். வலக்கொம்பு கிளைகிளையாக ஒழுங்காக விரிந்திருக்கிறது; இடக்கொம்போ கிளையே இல்லாமல் குச்சியாகக் கீழே வளைந்து தொங்குகிறது. சுடுவதா, விடுவதா? "விட்டால் இந்தக் கோணல் குட்டிகளுக்கும் போய்விடும், தட்டிவிடு" என்பார்கள். இப்படிப்பட்ட மானை அங்கே 'கல் பக்' என்கிறார்கள், அதாவது மந்தையிலிருந்து கழிக்க வேண்டிய ஆண். அதைச் சுடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சொல்லும் காரணம்தான் பெரும்பாலும் பொருந்தாது.

வெள்ளைவால் மானின் கொம்பு, ஆட்டுக்கொம்பு போல ஆயுளுக்கும் நிற்பதல்ல. நம் புள்ளிமானுக்கும் கடமானுக்கும் நடப்பதுபோல விழுந்து மறுபடி முளைக்கும் எலும்பு அது. நெற்றியின் இருபுறமும் குட்டையான எலும்பு மேடு ஒன்று இருக்கும். கொம்படி என்று வைத்துக்கொள்வோம். கொம்பை உண்டாக்கும் ஆற்றல் அந்த மேட்டைப் போர்த்திய சவ்வில் இருக்கிறது. 1974-இல் ஹார்ட்விக், ஷ்ருட்டே என்ற இரு ஆய்வாளர்கள் இளம் மானின் நெற்றிச் சவ்வை எடுத்துக் காலில் ஒட்டினார்கள். காலில் கொம்பு முளைத்தது!

வசந்தத்தில் தொடங்கி கோடை முடியும்வரை கொம்பு மெத்தென்ற 'வெல்வெட்' தோலுக்குள் வளரும். ரத்த ஓட்டமும் உணர்ச்சியும் உள்ள தோல் அது. அந்த வேகத்துக்குத் தீனியில் வரும் கால்சியம் போதாமல், விலா எலும்பிலிருந்தும் உடல் கடன் வாங்கும். பகல் குறுகக் குறுக டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏறும். கொம்பு இறுகி, வெல்வெட் உரிந்துவிடும். குளிர்காலக் கடைசியில் ஹார்மோன் இறங்கியதும் கொம்படியோடு உள்ள இணைப்பு கரைந்து கொம்பு உதிரும்.

இத்தனை கட்டங்களில் எங்கே இடறினாலும் கொம்பு கோணும். வெல்வெட்டில் இருக்கும்போது வேலிக் கம்பியில் மோதினால் அந்தக் கொம்பு மடங்கி அப்படியே இறுகிவிடும். அடுத்த ஆண்டு பெரும்பாலும் சரியாகிவிடும். பெரும்பாலும் என்றுதான் சொல்ல வேண்டும்: முந்தைய ஆண்டு அடிபட்ட இடத்தில், புதுக் கொம்பிலும் வேண்டாத கிளை ஒன்று முளைப்பதை பூபெனிக் என்ற ஆய்வாளர் 1960-களிலேயே பதிவு செய்தார். விழுந்துபோன கொம்பில் பட்ட காயத்தை உடல் எங்கோ நினைவில் வைத்திருக்கிறது! கொம்படியே சேதமானால் கதை வேறு. ஆண் மான்கள் முட்டிக்கொள்வதில் கொம்படி விரிசல் விடலாம். கொம்பு உதிரும்போது மண்டையோட்டின் ஒரு சில்லும் சேர்ந்து பெயர்ந்துவிடலாம். அதன்பின் ஆண்டுதோறும் அந்தப் பக்கம் கோணல்தான்.

இன்னொரு விசித்திரம் பின்னங்கால். இடது பின்னங்கால் முறிந்தால் பல மான்களில் வலக்கொம்புதான் குன்றும்.

விரை பழுதான ஆணுக்கு ஹார்மோன் ஏறாது, வெல்வெட் உரியாது, கொம்பும் உதிராது. முண்டு முண்டாக வீங்கிக்கொண்டே போகும். இதை 'காக்டஸ் பக்' என்பார்கள். பரம்பரையைக் கெடுக்கும் என்று பயந்து அதைச் சுடுவது வேடிக்கை, அதற்குத்தான் குட்டியே பிறக்காதே!

ஆக, ஒருபக்கக் கோணல் என்றால் முதலில் காயத்தைச் சந்தேகிக்க வேண்டும். இருபுறமும் ஒரே மாதிரி விசித்திரம், அதுவும் சிறு வயதிலிருந்தே தொடர்ந்தால் பரம்பரையாக இருக்கலாம். பழைய கேமரா படங்கள் இருந்தால் பாதி வழக்கு தீர்ந்துவிடும்: மூன்றாம் வயதில் இரண்டு கொம்பும் நேராக இருந்த மானுக்கு மரபணு திடீரென்று மாறியிருக்காது.

பரம்பரையே என்றாலும் ஒரு மானைக் கழிப்பதால் மந்தை மாறுமா? கூண்டுக்குள், எது எதோடு சேர்கிறது என்பதை நாமே தீர்மானித்தால் மாற்றலாம். டெக்சாஸின் கெர் வனவிலங்கு மையத்தில் அடைப்பு மான்களிடம் அதைக் காட்டியிருக்கிறார்கள். திறந்த காட்டில் அப்படி இல்லை. தெற்கு டெக்சாஸின் கொமான்சி பண்ணையில், ஹெலிகாப்டரிலிருந்து வலை வீசிப் பிடித்து, கொம்பு சிறுத்த ஆண்களை ஆண்டுக்கணக்கில் கழித்துப் பார்த்தார்கள். மந்தையின் கொம்பு பெரிதாகவில்லை. காரணம் எளிது. பாதி மரபணு கொம்பே இல்லாத தாயிடமிருந்து வருகிறது. இனச்சேர்க்கையும் ஓரிரு பெரிய ஆண்களின் ஏகபோகம் அல்ல. இளவட்டங்கள் உட்படப் பலரும் ஆளுக்குச் சில குட்டிகளுக்குத் தகப்பனாகிறார்கள். அதோடு, எட்டு வயது மான் கடத்த வேண்டியதையெல்லாம் ஏற்கெனவே கடத்தியிருக்கும்.

அப்படியானால் எதைப் பார்த்து முடிவெடுப்பது? என்னைக் கேட்டால் வயதை. முதுகு தொய்ந்து, வயிறு சரிந்து, கழுத்து நெஞ்சோடு கலந்து, கால் குட்டையாகத் தெரிந்தால் கிழம். கொம்பு ஐந்து முதல் ஏழு வயதில் உச்சம் தொடும்; பிறகு அடுத்த ஆண்டு பெரிதாகும் என்று காத்திருப்பதில் பயன் குறைவு. நான்கு வயது மானுக்கு வெல்வெட் காலத்து அடி என்றால் விட்டுவைப்பேன்.

டெக்சாஸில் கொம்புக் கட்டுப்பாடு உள்ள மாவட்டங்களில் சட்டமும் இங்கே எதிர்பாராத விதத்தில் நுழைகிறது. அங்கே ஒரு ஆணைச் சுட வேண்டுமானால், இரு கொம்புகளுக்கும் இடையிலான உள்ளகலம் 13 அங்குலமாவது இருக்க வேண்டும், அல்லது ஒரு கொம்பாவது கிளையில்லாமல் இருக்க வேண்டும். நம் கிழவனின் குச்சிக்கொம்பு அகலம் அளக்கும் வேலையை மிச்சப்படுத்திவிடுகிறது.

கொம்படியில் சீழ் தெரிந்தாலோ, மான் தடுமாறி வட்டமடித்தாலோ அது வேறு விஷயம். கொம்படி வழியாக நுழையும் ட்ரூப்பெரெல்லா என்ற பாக்டீரியா மண்டையோட்டை அரித்து மூளையில் கட்டி உண்டாக்கும். வளர்ந்த ஆண்களையே அதிகம் கொல்லும். அப்படிப்பட்ட மானை அந்தப் பகுதியின் வனவிலங்கு உயிரியலாளரிடம் தெரிவித்துவிடுவது நல்லது. அதன் இறைச்சி வேண்டாம்.