மானியமா, நல்கையா?

தில்லியில் ஐடிஓ மெட்ரோவில் இறங்கி பகதூர் ஷா ஜாஃபர் மார்க்கில் நடந்தால் யூஜிசி, அதாவது யுனிவர்சிட்டி கிராண்ட்ஸ் கமிஷன் அலுவலகம். இந்தியில் அதற்கு ‘விஸ்வவித்யாலய அனுதான் ஆயோக்’ என்று பெயர். தமிழில் ‘பல்கலைக்கழக மானியக் குழு’. கரோல் பாக், ஆர்.கே. புரம் தமிழ் வீடுகளில் இரண்டும் புழங்காது, வெறும் யூஜிசிதான். அதில் உள்ள ‘கிராண்ட்’ என்பதற்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்பதுதான் கேள்வி.

‘மானியம்’ வடசொல். ‘மான்ய’ என்றால் மதிப்புக்குரியது. பிறகு அது வரி நீக்கி விட்ட நிலத்துக்குப் பெயரானது. அதற்குக் கல்வெட்டுத் தமிழ் ‘இறையிலி’. கல்விக்கு நிலம் விடும் வழக்கமும் பழசுதான். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்து எண்ணாயிரம் என்ற ஊரின் கல்வெட்டில் 340 மாணவர்களுக்கு அளக்க வேண்டிய நெல் வரைக்கும் கணக்கு இருக்கிறது.

இன்று மானியம் என்றதும் நினைவுக்கு வருவது காஸ் சிலிண்டரும் உரமூட்டையும். அங்கே விலையில் ஒரு பங்கை அரசு ஏற்கிறது, அவ்வளவுதான். கல்லூரிக்கு வரும் பணம் அப்படியல்ல. 1956ஆம் ஆண்டு யூஜிசி சட்டத்தில் 2(எஃப்) பிரிவின்கீழ் வந்தால் கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டு. ஆனால் மத்திய நிதிக்குத் தகுதி பெற 12பி பிரிவின்கீழும் வர வேண்டும். வாங்கிய பணத்துக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தாக வேண்டும். குழுவின் பரிந்துரையைத் தகுந்த காலத்துக்குள் நிறைவேற்றாத பல்கலைக்கழகத்துக்கு, விளக்கம் கேட்டபின், தொகையை நிறுத்தி வைக்க 14ஆம் பிரிவு இடம் தருகிறது. சிலிண்டர் வாங்குகிறவரிடம் யார் இதையெல்லாம் கேட்கிறார்கள்?

ஆங்கிலத்தின் ‘கிராண்ட்’ பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அடிவேர், ‘நம்பு’ எனப் பொருள்படும் லத்தீன் வினை. ‘கிரெடிட்’டும் அந்த வேர்தான். நம்பி ஒப்படைப்பது என்ற சாயல் மானியத்தில் கிடையாது.

‘நல்கு’ என்ற வினையிலிருந்து வந்த ‘நல்கை’ எனக்குப் பிடித்த சொல். ‘தான்நல்கா தாகி விடின்’ என்று குறள் மழையைச் சொல்கிறது: மேகம் நல்காவிட்டால் கடலே குன்றும். நிபந்தனை இதிலும் ஒலிக்கவில்லை, உண்மைதான். ஆனால் சிலிண்டரோடு குழம்பாது. தமிழ்த் துறைக் கருத்தரங்க அழைப்பிதழ்களில் ‘நிதிநல்கை’ ஏற்கெனவே சகஜம்.

பழகிய ‘மானியக் குழு’வை மாற்றச் சொல்லிச் சண்டை போட வேண்டாம். ஆராய்ச்சிக்கு, கட்டடத்துக்கு வரும் தொகையை நல்கை என்றே எழுதலாம். ‘எய்டட்’ வேறு, அதற்கு ‘அரசு உதவி பெறும் கல்லூரி’ சரியாக இருக்கிறது. அப்புறம், 2020 தேசியக் கல்விக் கொள்கை கண்காணிப்பு ஒரு கை, பணம் இன்னொரு கை என்று பிரித்து, பணத்துக்குத் தனி அமைப்பு ஒன்றைச் சொல்கிறது. அதையாவது ‘உயர்கல்வி நல்கைக் குழு’ என்று தொடங்கலாம்.