ஒன்பதாம் மாத நிமோனியா ஊசி ஏன் முக்கியம்?

மூணாறு, தேவிகுளம் பக்கத்து எஸ்டேட் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) மழை பிடித்துவிட்டால் குழந்தைகளுக்கு நெஞ்சுச்சளி சகஜம். குளிருக்கு அடைத்த ஜன்னல், உள்ளே விறகடுப்புப் புகை. சளி எது, நிமோனியா எது என்று மூச்சை எண்ணியே ஓரளவு கணிக்கலாம். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணைத் தொட்டாலே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம்.

குழந்தைகளுக்கு நிமோனியா தரும் பாக்டீரியாக்களில் முக்கியமானது நிமோகாக்கஸ். சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன உறை ஒன்று அதைச் சுற்றியிருக்கும். வெள்ளணுக்களுக்கு அது எளிதில் பிடிகொடுக்காது. உறைமேல் எதிர்ப்பொருள் (கிருமியை அடையாளம் காட்ட உடல் செய்யும் புரதம்) வந்து ஒட்டினால்தான் விழுங்க வாகாகும். பெரியவர்கள் உடல் அதைத் தயாரித்துவிடும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் உடலோ வெறும் சர்க்கரையைக் கண்டு சரியாக விழித்துக்கொள்வதில்லை.

அதனால் பிசிவி எனப்படும் நிமோகாக்கஸ் தடுப்பூசியில் அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்துவிடுகிறார்கள். புரதத்தைக் கண்டதும் டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் துணைக்கு வருகின்றன. அவை தூண்டிவிட, எதிர்ப்பொருள் செய்யும் பி செல்கள் சர்க்கரைக்கு எதிர்ப்பொருள் செய்து, நினைவிலும் வைத்துக்கொள்கின்றன. ஐந்து நோய்களுக்கான பெண்டாவேலன்ட் ஊசியில் ஹிப் என்னும் பாக்டீரியாவுக்கு எதிரான பகுதியும் இதே உத்திதான்; இந்தியாவில் பெண்டாவேலன்ட் 2011 டிசம்பரில் முதலில் வந்தது தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும். பிசிவி 2017ல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021ல் நாடு முழுக்க இலவசத் திட்டத்தில் சேர்ந்தது. வைரஸால் வரும் நிமோனியாவை இது தடுக்காது.

தவணைகள் மூன்று: 6 வாரம், 14 வாரம், 9 மாதம். முதல் இரண்டில் உருவான எதிர்ப்பொருள் மாதங்கள் போகப்போகக் குறையும். மூன்றாவது ஊசி நினைவு செல்களை எழுப்ப, அளவு மறுபடி நன்றாக ஏறுகிறது. ஊசி போட்ட குழந்தையின் மூக்கிலும் தொண்டையிலும் தடுப்பூசியில் அடங்கிய வகைக் கிருமிகள் குடியிருப்பதும் குறையும். பக்கத்தில் படுக்கும் தாத்தா பாட்டிக்கும் அதனால் பாதுகாப்பு. இதை எவ்வளவு சொன்னாலும் தகும்.

பிரசவத்துக்குப் போடிக்கோ கம்பத்துக்கோ தாய்வீடு போய், பிள்ளையோடு மலையேறி வரும் பெண்கள் இங்கே நிறைய. தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் அட்டவணை ஒன்றுதான். அங்கே போட்ட ஊசி அட்டையை இங்கே ஆஷா அக்காவிடம் காட்டினால், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒன்பதாம் மாதம் தட்டம்மை ஊசி போடுகிற அன்றே, பிசிவியும் தொடையில் போடுவார்கள்.