நாக்ஸோஸ் தீவுல ஒரு நாள், கூடவே வர்ற ஒரு காத்து

ஜூலை ஆகஸ்ட்ல கிரீஸ் தீவுகளுக்குப் போறவங்க கடல், வெயில், வெள்ளை வீடு இதையெல்லாம் நினைச்சுக்கிட்டுதான் போறாங்க, ஆனா அங்க ஒரு நாள் எப்படிப் போகும்னு முடிவு பண்றது காத்துதான். எந்த பீச்சுக்குப் போலாம், எத்தனை மணிக்குள்ள நீந்திட்டு வந்துடணும், மத்தியானம் எங்க ஒதுங்கலாம், நாளைக்குக் கப்பல் வருமா வராதா, எல்லாமே மெல்டெமின்னு அந்த ஊர்க்காரங்க சொல்ற வடக்குக் காத்தைப் பொறுத்த விஷயம். அந்தக் காத்துக்கும் நம்ம தென்மேற்குப் பருவமழைக்கும் உறவு இருக்கு, வானிலை அறிவியல்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான், அதனால நாக்ஸோஸ் தீவுல தனியா, எந்த அவசரமும் இல்லாம கழிக்கிற ஒரு நாளோட போக்குலயே அதைச் சொல்லிடறேன்.

நாக்ஸோஸ் எங்க இருக்குன்னு முதல்ல. ஏஜியன் கடல் நடுவுல சிக்லடீஸ்னு ஒரு தீவுக்கூட்டம், அதுல பெரிய தீவு இதுதான், சுமார் 430 சதுர கிலோமீட்டர், நடுவுல ஸாஸ்னு ஏறக்குறைய 1000 மீட்டர் உயரத்துல ஒரு மலை. ஏதென்ஸ் பக்கத்துல பிரேயஸ் துறைமுகத்துலேருந்து பெரிய கப்பல்ல ஏறினா 5 மணி நேரத்துக்கு மேல ஆகும். சான்டோரினி, மிக்கோனோஸ் மாதிரி கூட்டம் நெரிக்காது, அதனால தனியா போறவங்களுக்கு நான் இதைத்தான் சொல்லுவேன்.

காலைல சீக்கிரம் எந்திரிச்சா கடல் பெரும்பாலும் அமைதியா இருக்கும். துறைமுகத்துலேருந்து ஒரு சின்னப் பாதை கடலுக்குள்ள நீளுது, அது முடியற இடத்துல போர்தாரா நிக்குது, கி.மு. 6ஆம் நூற்றாண்டுல அப்பல்லோ கோவிலுக்குன்னு கட்ட ஆரம்பிச்சு முடியாமலேயே போனது, இன்னைக்கு மிச்சம் இருக்கறது சுமார் 6 மீட்டர் உயர சலவைக்கல் வாசல் மட்டும்தான். அங்க நின்னு வடக்கே பாத்தா காலைல கடல் அடங்கி இருக்கும், அதே இடத்துல மத்தியானம் 2 மணிக்கு வந்து நின்னீங்கன்னா தொப்பி பறந்துடும். ஏன் இவ்வளவு வித்தியாசம்னா, ராத்திரி தரை குளிர்ந்து போகுது, தரையை ஒட்டுன காத்தும் குளிர்ந்து கனமாகி ஒரு படலமா படிஞ்சுடுது, மேல சில நூறு மீட்டர் உயரத்துல வேகமா ஓடுற காத்தோட அது கலக்க மாட்டேங்குது. வெயில் ஏறி தரை சூடானதும் கீழ்க்காத்து மேல போகும், மேல ஓடுற வேகக் காத்து கீழ இறங்கும், ரெண்டும் கலந்ததும் அந்த வேகம் நம்ம முகத்துல வந்து அடிக்கும். கூடவே கிழக்கே துருக்கி நிலப்பரப்பும் பகல்ல சூடாகி அங்க காத்தழுத்தம் இன்னும் குறையுது, அதுவும் வேகத்தைக் கூட்டுது. அதனாலதான் காலைல பத்து பதினொன்னுக்கு மேல எழும்புற காத்து பிற்பகல்ல உச்சத்துக்குப் போய் சாயங்காலம் தணியுது. பலமான மெல்டெமி வந்துட்டா மட்டும் இந்தக் கணக்கு செல்லாது, ராத்திரி பகல்னு பாக்காம நாள்கணக்குல அடிக்கும்.

சரி, இந்தக் காத்து எங்கேருந்து கிளம்புது? கோடையில ரெண்டு விஷயம் ஒரே நேரத்துல நடக்குது. பால்கன் நாடுகள் பக்கம், அதாவது கிரீஸுக்கு வடக்கும் வடமேற்குமா, உயர் அழுத்தம் உக்காந்திருக்கு. துருக்கி மேல தாழ்வழுத்தம். ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டது ஏஜியன் கடல். உயர் அழுத்தத்துலேருந்து தாழ்வழுத்தத்துக்கு நேரா மேற்கேருந்து கிழக்கே காத்து ஓடணும்னுதான் நமக்குத் தோணும், ஆனா பூமி சுத்திக்கிட்டே இருக்கறதால வடக்கு அரைக்கோளத்துல ஓடுற காத்து எப்பவும் வலது பக்கமா திரும்பும், கடைசியில உயர் அழுத்தத்தை வலது கைப் பக்கமும் தாழ்வழுத்தத்தை இடது கைப் பக்கமும் வெச்சுக்கிட்டு ரெண்டுக்கும் நடுவுல நீளவாக்குல ஓடும். போர்தாராவுல காத்துக்கு முதுகைக் காட்டி தெற்கே பாத்து நின்னு பாருங்க, இடது பக்கம் துருக்கித் தாழ்வழுத்தம், வலது பக்கம் உயர் அழுத்தம், பாடப் புத்தகத்துல இருக்கறது அப்படியே உங்க உடம்புல தெரியும். டச்சு விஞ்ஞானி பய்ஸ் பலாட் 1857ல சொன்ன விதி இதுதான்.

இப்போ அந்தத் துருக்கித் தாழ்வழுத்தத்தோட வேரைத் தேடிக் கிழக்கே போங்க. அது தனியா நிக்கற ஒன்னு இல்ல. ஈராக், ஈரான் வழியா நீண்டு பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா வரைக்கும் போகுது, நம்ம தென்மேற்குப் பருவக்காத்தை அரபிக்கடல்லேருந்து உள்ள இழுக்குற அந்தப் பெரிய கோடைத் தாழ்வழுத்தத்தோட மேற்கு வால்தான் ஏஜியன் கடலோட ஓரத்துல வந்து முடியுது! ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய் வழியாவும் ஆரல்வாய்மொழி வழியாவும் புகுந்து அடிக்கிற காத்து, ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்றோமே அதே காத்து, ஒரு பக்கத்துலேருந்து இந்தத் தாழ்வழுத்த அமைப்பை நோக்கிப் போகுது, மெல்டெமி அதோட மறுமுனையைச் சுத்திக்கிட்டு ஓடுது. மெல்டெமி உச்சத்துல இருக்கறதும் ஜூலை ஆகஸ்ட்லதான், அதாவது நம்ம ஆடி மாசம்.

உறவு இத்தோட முடியல. 1996ல மார்க் ராட்வெல், பிரையன் ஹாஸ்கின்ஸ்னு ரெண்டு விஞ்ஞானிகள் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, பாலைவனங்களுக்கும் பருவமழைக்கும் என்ன சம்பந்தம்னு. அவங்க காட்டுனது இது: தெற்காசியாவுல பருவமழை கொட்டும்போது நீராவி தண்ணியா மாறுது, மாறும்போது பிரம்மாண்டமான வெப்பத்தை வெளிய விடுது, அந்த வெப்பம் வளிமண்டலத்தோட நடு உயரங்களைச் சூடாக்கி ஒரு பெரிய அலையைக் கிளப்பி விடுது, அந்த அலை மேற்கே பரவி கிழக்கு மத்தியதரைக் கடல் வரைக்கும் வருது. அங்க ஏற்கனவே மேற்கேருந்து கிழக்கே ஓடிக்கிட்டிருக்கற நடு அட்சரேகைக் காத்து இந்த அலையைச் சந்திச்சதும் சரிஞ்சு கீழ இறங்குது. இந்தியாவுல மேல ஏறுன அதே காத்துதான் கிரீஸ்ல வந்து இறங்குதுன்னு நிறைய பேரு நினைப்பாங்க, அப்படி இல்ல, இறங்குறது வடமேற்கேருந்து வர்ற காத்து, அதை இறங்க வைக்குறது நம்ம பருவமழையோட வெப்பம்.

காத்து கீழ இறங்க இறங்க அதை அமுக்குற அழுத்தம் கூடும், அமுங்குனா சூடாகும், ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கும்போதும் சுமார் 10 டிகிரி. சூடாக சூடாக அதோட ஈரப்பதம் குறையுது, மேகம் கட்டவே விடாது. ஜூலை ஆகஸ்ட்ல சிக்லடீஸ்ல மழை கிட்டத்தட்ட கிடையாதுங்கறதுக்கும், காத்து பேயா அடிச்சாலும் வானம் மட்டும் துடைச்சு விட்ட மாதிரி நீலமா இருக்கறதுக்கும் இதுதான் காரணம். நமக்குப் பழக்கம் என்னன்னா பலமா காத்தடிச்சா மழை வரும்னு வானத்தைப் பாப்போம், அங்க அப்படிப் பாத்தா ஒரு மேகமும் இருக்காது. இங்க பெய்யற மழை அங்க மழை இல்லாமப் பாத்துக்குது, எனக்கு இதை நினைச்சாலே பிரமிப்பா இருக்கு. இதை வெச்சு இன்னைக்கு கேரளால மழை கொட்டுச்சு நாளைக்கு நாக்ஸோஸ்ல காத்து அடிக்கும்னு கணக்குப் போட முடியாது, ஏன்னா ஐரோப்பாப் பக்கம் இருக்கற உயர் அழுத்தம் கூடுறதும் குறையுறதும்தான் ஒவ்வொரு நாளோட காத்தை முடிவு பண்ணுது, பருவமழை அந்தப் பருவம் முழுக்கப் பின்னணியில நின்னு தளத்தைப் போட்டுக் கொடுக்குது.

பத்தரை மணி ஆச்சு, பீச்சுக்குக் கிளம்பணும். வடக்குக் கரை வேண்டாம், அலை நேரா வந்து மோதும். மேற்குக் கரையில ஆயியோஸ் ப்ரோகோபியோஸ் நல்ல இடம், வடக்கே ஒரு மேடு காத்தைக் கொஞ்சம் மறைச்சுக் கொடுக்கும். இன்னும் தெற்கே மிக்ரி விக்லா போனீங்கன்னா வேற உலகம், விண்ட்சர்ஃப், கைட்சர்ஃப் பண்றவங்க தேடி வர்ற இடம் அது. நாக்ஸோஸுக்கும் பக்கத்துத் தீவு பாரோஸுக்கும் நடுவுல இருக்கற கடல் ஒரு கால்வாய் மாதிரி குறுகலா இருக்கு, தோட்டத்துக்குத் தண்ணி விடுற ஹோஸ் வாயைக் கட்டை விரலால பாதி அடைச்சா தண்ணி எப்படிச் சீறுமோ அதே மாதிரி அந்த இடுக்குல நுழையற காத்தும் வேகம் எடுக்குது. அதனால ஊர் முழுக்கவுக்கும் சேர்த்துப் போட்ட முன்னறிவிப்புல, காத்து வேகத்தைச் சொல்ற பியூஃபோர்ட் அளவுல 5ன்னு, அதாவது மணிக்கு 29லேருந்து 38 கிலோமீட்டர்னு இருந்தாலும் இந்த மாதிரி இடத்துல அதைவிடக் கூட இருக்கலாம்.

தெற்குக் கரையில மலைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கலாம்னு போறவங்க ஒன்னு தெரிஞ்சு வெச்சுக்கணும். இறங்குற காத்து மேல ஒரு சூடான மூடி போட்டு வெச்சிருக்கு, கீழ கடலை ஒட்டி ஓடுற குளிர்ந்த கனமான காத்து மலையில ஏறி, அந்த மூடியைத் தாண்டி மேல போக முடியாம, மறுபக்கம் சரிவுல வேகமா விழுந்து திடீர் திடீர்னு வீசும். சின்னப் படகு வெச்சிருக்கறவங்க மலைத்தீவுகளோட பின்பக்கத்தைக் கண்டு பயப்படறது இதனாலதான். மணல்ல உக்காந்திருக்கறவங்களுக்குப் பெரிய ஆபத்து இல்ல, குடை மட்டும் பறக்கும், ஆனா காத்து நெலத்துலேருந்து கடல் பக்கம் வீசுற கரையில காத்தடைச்ச மிதவை மேல படுத்துக்கிட்டு தூங்கவே கூடாது, கரையை விட்டு எவ்வளவு தூரம் போயிட்டோம்னே தெரியாது, தனியா போனவங்களுக்கு கூப்பிட்டு எழுப்ப ஆளும் இல்ல.

தனியா போறவங்களுக்கு இன்னொன்னும் சொல்லணும், வெயில். வேர்வை ஆவியாகறதை காத்து வேகப்படுத்துது, அதனால 30 டிகிரியிலயும் சுகமா இருக்கும், தோல் சுடுற உணர்வே வராது. ஆனா புற ஊதாக் கதிரைக் காத்து ஒன்னும் பண்ணாது, மேகமும் கிடையாது, நடுப்பகல்ல அது முழுசா தோல்ல விழுந்துக்கிட்டே இருக்கும், உடம்புத் தண்ணியும் தெரியாமலேயே போயிட்டிருக்கும். முதுகுல சன்ஸ்க்ரீன் தடவ ஆள் இல்லைன்னா ஒரு மெல்லிசு காட்டன் சட்டையோடயே தண்ணியில இறங்குங்க.

அந்தத் தண்ணி இருக்கே, கழுத்தளவு ஆழத்துல நின்னாலும் கால் விரல் தெரியும். உலகத்துல ரொம்ப சத்துக் குறைஞ்ச கடல்கள்ல கிழக்கு மத்தியதரைக் கடலும் ஒன்னு. மத்தியதரைக் கடல்ல மழையும் ஆறும் கொண்டு வர்றதைவிட ஆவியாப் போறது அதிகம், அந்த இழப்பை ஈடு கட்ட ஜிப்ரால்டர் ஜலசந்தி வழியா அட்லாண்டிக் தண்ணி மேல்மட்டத்துல உள்ள வருது, மேல்மட்டத் தண்ணியில பாஸ்பேட் மாதிரி சத்துகள் ஏற்கனவே தீர்ந்து போயிருக்கும். ஆழத்துல சேர்ற சத்தெல்லாம் அடிநீரோட அதே ஜிப்ரால்டர் வழியா வெளிய போயிடுது. சத்து இல்லைன்னா நுண்பாசி வளராது, அது இல்லைன்னா தண்ணி பச்சையாகாது, கலங்காது. சிவப்பு ஒளியைத் தண்ணி உறிஞ்சிக்கும், மிச்சம் நீலம்தான் நம்ம கண்ணுக்குத் திரும்பி வருது. கடலுக்குள்ள உயிர் குறைவா இருக்கறதால வர்ற அழகு இது, மீனவங்களுக்கு இதுல பெரிய லாபம் கிடையாது.

மெல்டெமி கடலையும் நகர்த்துது. வடக்கேருந்து அடிக்கிற காத்து மேல்மட்டத் தண்ணியைத் தனக்கு வலப்பக்கமா, அதாவது மேற்கே தள்ளும், இதுக்கும் பூமி சுத்தறதுதான் காரணம், எக்மான்ங்கற ஸ்வீடன் விஞ்ஞானி 1905லயே கணக்குப் போட்டுக் காட்டிட்டாரு. துருக்கிக் கரையை விட்டுத் தண்ணி விலகுறப்போ அடியிலேருந்து குளிர்ந்த தண்ணி மேல வருது. அதனால ஆகஸ்ட் உச்ச வெயில்லயும் ஏஜியன் கடலோட கிழக்குப் பக்கம் மேற்கைவிட ஓரிரு டிகிரி குளிர்ச்சியா இருக்கும்.

மத்தியானம் கரையில காத்து தாங்கலைன்னா பஸ் பிடிச்சு உள்நாட்டுக்குப் போயிடலாம், தனியா இருந்தா யாரையும் கேக்க வேண்டாம், போலாம்னு தோணுச்சுன்னா போயிடலாம். ஆலிவ் தோப்பு நிறைஞ்ச பள்ளத்தாக்குல ஹல்கின்னு ஒரு ஊரு, நாரத்தை வகை மரத்தோட இலையிலேருந்து கிட்ரோன்னு ஒரு மதுவை 1896லேருந்து அங்க வடிக்கிறாங்க. ஒரு நிழல்ல உக்காந்து ஃப்ரெட்டோன்னு சொல்ற ஐஸ் காபி ஒன்னு வாங்கிக்கிட்டு சும்மா இருக்கலாம், நாக்ஸோஸ் உருளைக்கிழங்கு வறுவலும் கிராவியேரா சீஸும் கிடைச்சா சாப்பிட்டுடுங்க.

இந்தக் காத்தைப் பத்தி கிரேக்கர்கள் ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல யோசிச்சிருக்காங்க. அரிஸ்டாட்டில் இதைப் பத்தி எழுதியிருக்காரு. கி.மு. 351 வாக்குல டெமாஸ்தனிஸ்ங்கற பேச்சாளர் ஏதென்ஸ் மக்கள் முன்னாடி பேசும்போது, மாசிடோனிய மன்னன் பிலிப் இந்தக் கோடைக் காத்துக்கும் குளிர்காலத்துக்கும் காத்திருந்து, நாம போய்ச் சேர முடியாத நேரமாப் பாத்து அடிக்கிறான்னு சொன்னாரு. மாசிடோனியா வடக்கே இருக்கு, ஏதென்ஸ் கப்பல் எதிர்க்காத்துல ஏறிப் போக முடியாது, அவ்வளவுதான் விஷயம். இவங்களுக்கெல்லாம் முன்னாடி வாழ்ந்த தேல்ஸ்ங்கற கிரேக்கத் தத்துவ அறிஞர் இன்னும் ஒரு படி மேல போயி, நைல் நதியில கோடையில வெள்ளம் வர்றதுக்கே இந்தக் காத்துதான் காரணம், கடலுக்குப் போற தண்ணியை அது தடுத்து நிறுத்துதுன்னு சொன்னதா பழைய ஆசிரியர்கள் குறிச்சு வெச்சிருக்காங்க. அது தப்பு, வெள்ளம் வர்றது எத்தியோப்பிய மலையில பெய்யற கோடைப் பருவமழையால. ஆனா காத்தும் வெள்ளமும் வருஷா வருஷம் சேர்ந்தே வருதுன்னு அவரு கவனிச்சது சரி, ரெண்டுமே கோடைப் பருவமழையோட சம்பந்தப்பட்டதுங்கறது தெரிய இன்னும் ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் ஆச்சு.

சாயங்காலம் ஊருக்குத் திரும்பினா, துறைமுகத்துக்கு மேல 13ஆம் நூற்றாண்டுல வெனிஸ்காரங்க கட்டுன கோட்டைப் பகுதி இருக்கு, சந்தெல்லாம் வளைஞ்சு வளைஞ்சு குறுகலாப் போகும், கரையில அடிக்கிற காத்து அங்க பாதி கூட இருக்காது. நைட்டு சாப்பாடு அந்தப் பக்கமே வெச்சுக்கலாம். படுக்கறதுக்கு முன்னாடி மறுநாள் காத்து முன்னறிவிப்பைப் பாத்துடுங்க, பியூஃபோர்ட் 8, அதாவது மணிக்கு 62 கிலோமீட்டருக்கு மேலன்னு போட்டிருந்தா பெரிய கப்பலையும் துறைமுக அதிகாரிங்க நிறுத்திடுவாங்க, சின்ன வேகக் கப்பல்கள் அதுக்கு முன்னாடியே நின்னுடும். அதனால ஊருக்குத் திரும்பற விமானம் இருக்கற அதே நாள் காலைல தீவுலேருந்து கிளம்பற மாதிரி டிக்கெட் போடாதீங்க, ஒரு நாள் முன்னாடியே ஏதென்ஸ் வந்துடுங்க. நாள் நம்ம கையில இருந்தா செப்டம்பர் பின்பாதியில போங்க, ராஜஸ்தான்லேருந்து பருவமழை விலக ஆரம்பிக்கற அதே சமயத்துல மெல்டெமியும் தளர ஆரம்பிக்கும், கடல்ல மட்டும் கோடைச் சூடு இன்னும் மிச்சம் இருக்கும்.