கணக்கு குறைந்தால் யாரிடம் போய்ச் சொல்வார்கள்?

வங்கிக் கிளையில் மாலையில் கணக்கு முடிக்கும்போது கேஷ் குறைகிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த கேஷியர் என்ன செய்வார்? நோட்டுக் கட்டுகளைத் திரும்பத் திரும்ப எண்ணுவார். வவுச்சர்களை ஒவ்வொன்றாகப் புரட்டுவார். அப்புறம், மேலாளர் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்து, எழுந்து வந்து சொல்வார். இல்லையென்றால் சொந்தப் பணத்தைப் போட்டுச் சரிக்கட்டிவிட்டு வீட்டுக்குப் போவார். பணத்தைப் போட்டுச் சரிக்கட்டும் கிளையில் ஆடிட் அறிக்கை சுத்தமாகத்தான் இருக்கும். எனக்குக் கவலை தருவது அந்தக் கிளைதான்.

நிதித்துறையில் மேலாளராக உயரும் பெண்களிடம், "நீங்க ஆட்கள்கிட்ட ரொம்ப மென்மையா இருக்கீங்க, கொஞ்சம் நம்பரைப் பாருங்க" என்று சொல்லப்படுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆட்களைக் கவனிப்பது தனி வேலை, நம்பரைக் கவனிப்பது தனி வேலை என்ற நினைப்பில் வரும் பேச்சு அது. இந்தத் தொழிலில் அப்படிப் பிரிக்கவே முடியாது.

இங்கிலாந்தின் பேரிங்ஸ் வங்கி 1762-இல் தொடங்கியது. 1995 பிப்ரவரியில் திவாலானது. அதன் சிங்கப்பூர் அலுவலகத்தில், சந்தையில் வாங்கி விற்கும் வேலையில் இருந்த நிக் லீசன் மறைத்துவைத்த நஷ்டம் 80 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. அந்த நஷ்டமெல்லாம் ஒளிந்திருந்த 88888 என்ற கணக்கில் முதலில் போய்ச் சேர்ந்தது, லீசன் சொன்னபடி, அனுபவமில்லாத ஓர் ஊழியரின் தவறு. வாங்க வேண்டியதை விற்றுவிட்டார். நஷ்டம் 20,000 பவுண்டு. அன்றைக்கே மேலே சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு முடிந்திருக்கும்.

அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோவில் நடந்தது வேறு மாதிரி. டார்கெட்டை எட்ட வேண்டும் என்ற நெருக்கடியில், வாடிக்கையாளர் கேட்காமலேயே அவர்கள் பெயரில் கணக்குகள் திறக்கப்பட்டன. 2016-இல் வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம். ஏறக்குறைய 5,300 ஊழியர்களின் வேலை போனது. அவ்வளவு பேர் ஒரே தவறைச் செய்தால், தவறு ஆட்களிடம் மட்டும் இருக்கிறது என்று நான் நம்ப மாட்டேன். "எப்படியாவது முடிங்க" என்று மேலிருந்து வரும் சொல், கீழே போகப் போக வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளும்.

அதனால் என் டீமில் யாராவது கெட்ட செய்தியோடு வந்தால், முதல் நிமிடத்தில் என் வாயிலிருந்து என்ன வருகிறது என்பதில் ரொம்பக் கவனமாக இருப்பேன். "சரி, உடனே சொன்னீங்க, நல்லது. உட்காருங்க, வவுச்சரை எடுங்க, சேர்ந்து பார்ப்போம்." அவ்வளவுதான். யார் தவறு என்பதை அப்புறம் பேசலாம், பேசியும் ஆக வேண்டும். அதே தவறு திரும்ப நடந்தால் எழுத்தில் பதிவு செய்வேன். மறைத்தது தெரிந்தால் சலுகையே கிடையாது. ஆட்களை மதிப்பது என்றால் எல்லாவற்றையும் கண்டுகொள்ளாமல் விடுவது என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். லீவே எடுக்காத ஊழியரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவது நம் பழக்கம். பொறுப்பான இடங்களில் இருப்பவர் ஆண்டில் சில நாட்களாவது தொடர்ச்சியாகக் கட்டாய விடுப்பில் போக வேண்டும் என்று பல வங்கிகளில் விதி இருப்பது சும்மா இல்லை. நாற்காலியில் வேறொருவர் உட்காரும்போதுதான் மறைந்திருப்பது வெளியே வரும். அந்த ஊழியர் நேர்மையானவராகவே இருக்கலாம். வேலைப் பளுவில் மூச்சு முட்டிக்கொண்டிருக்கலாம். எதுவாக இருந்தாலும் மேலாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி பெண்களுக்கு. "உங்களுக்கு ஆட்களோடு நல்லாப் பழக வருது" என்ற பாராட்டு வந்தால், அதன் பின்னாலேயே மனிதவளத் துறைக்கோ பயிற்சித் துறைக்கோ மாற்றல் வரும். அவை மரியாதையான வேலைகள்தான். ஆனால் பெரிய பதவிக்கு ஆள் தேடும்போது, கடன், கருவூலம் (வங்கியின் சொந்தப் பணத்தை நிர்வகிக்கும் பிரிவு), கிளை லாபம் என்று எதையாவது கையில் வைத்து நடத்தியவரைத்தான் தேடுவார்கள். வாயைத் திறந்து அந்த இடங்களைக் கேளுங்கள்.

குழந்தை பிறந்த பிறகு வரும் இடைவெளிதான் அடுத்த சறுக்கல். ஆண், பெண் சம்பள வித்தியாசம் முதல் குழந்தைக்குப் பிறகுதான் பெரிதாக விரிகிறது என்பதைப் பொருளியலாளர் கிளாடியா கோல்டின் ஆராய்ந்து காட்டினார். 2023-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2021 மார்ச்சில் அமெரிக்காவின் சிட்டி வங்கிக் குழுமத்தின் தலைமைக்கு வந்த ஜேன் ஃபிரேசர், பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது மெக்கின்சி ஆலோசனை நிறுவனத்தில் பகுதிநேரமாக வேலை செய்தவர். பகுதிநேரம் அவர் பாதையை அடைத்துவிடவில்லை.

விடுப்பில் போகும் பெண்ணின் வாடிக்கையாளர்களை வேறொருவருக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். திரும்பி வந்ததும் அவர்களை அவரிடமே ஒப்படைப்பது மேலாளர் கையில் இருக்கிறது. என்றைக்கு, யார் யாரை என்று விடுப்புக்கு முன்பே ஒரு மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். மேலாளர் எழுதவில்லையென்றால், விடுப்பில் போகிறவரே எழுதி அனுப்பிவிட்டு, "இது சரிதானே?" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.